மழை ரேடார்: கேள்வியும் பதிலும்

கேள்வி: எங்கள் பகுதிக்கான ரேடார் படத்தை எந்தத் தளத்தில் பார்ப்பது நல்லது?

பதில்: உங்கள் நாட்டு வானிலைத் துறையின் தளத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் ரேடாரை இயக்குபவர்களே அவர்கள்தாம் என்பதால், எந்த நிலையத்தின் படம், எத்தனை மணிக்கு எடுத்தது என்ற விவரங்கள் படத்தின் ஓரத்திலேயே இருக்கும். இவ்விரண்டையும் காட்டாத செயலியை, அதன் வண்ணங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் நம்புவதில்லை.

கேள்வி: படத்தில் எங்கள் ஊருக்கு மேல் மழை நிற்கிறது, வெளியே ஒரு துளிகூட இல்லை. ரேடார் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. ரேடார் கதிர் தரையை ஒட்டிச் செல்வதில்லை. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர், பூமியின் வளைவும் சேர்ந்துகொள்வதால், 100 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் உயரத்திலும், 200 கிலோமீட்டரில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரத்திலும் போகிறது. அவ்வளவு மேலே பெய்யும் மழை, கீழேயுள்ள வறண்ட காற்றில் ஆவியாகித் தரையைத் தொடாமலே மறைந்துவிடலாம். நேர்மாறாகவும் நடக்கும்: தாழ்ந்த மேகத்தின் தூறலைக் கதிர் தாண்டிப் போய்விட்டால், நீங்கள் நனைந்துகொண்டிருக்கும்போதும் படம் வெறுமையாக இருக்கும். ஆகவே உங்களுக்கு மிக அருகிலுள்ள நிலையம் எது, இடையில் மலை மறைக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நிலையத்திலிருந்து விசிறிபோல் விரியும் ஒரு துண்டு எல்லா நாளும் காலியாகவே தெரிந்தால், அங்கே மழையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கதிர் அங்கே போய்ச் சேரவில்லை.

கேள்வி: படத்திலுள்ள நேரம் எங்கள் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை.

பதில்: பல தளங்கள் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தையே குறிக்கின்றன. மாற்றிப் பார்த்த பிறகும் படம் சில நிமிடங்கள் பழையதாகவே இருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் மழை, 15 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் கடந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: சிவப்பு என்றால் கனமழையா?

பதில்: வண்ண அட்டவணை தளத்துக்குத் தளம் மாறும், பக்கத்திலுள்ள டிபிஇசட் (dBZ) எண்ணை, அதாவது மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் கதிரின் வலிமையைக் காட்டும் எண்ணைப் படியுங்கள். 20 என்பது லேசான தூறல், 40 என்பது மணிக்கு 10 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் மழை. 55ஐத் தாண்டினால் ஆலங்கட்டி கலந்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் பக்கம் ரேடாரே கிடையாது, ஆனாலும் செயலி மழையைக் காட்டுகிறதே?

பதில்: அது செயற்கைக்கோள் படத்தையோ கணினி மாதிரியையோ வைத்துக் கணித்த மழையாக இருக்கும். மேகம் எங்கே திரள்கிறது என்று அறிய அது உதவும். அடுத்த அரை மணி நேரத்தில் உங்கள் தெருவில் பெய்யுமா என்பதை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.