கரண்ட் வைத்து முடிந்த பிறகு நுரையீரலில் அழற்சி எப்படி வருகிறது?

கதிர்வீச்சுச் சிகிச்சை (பேச்சுவழக்கில் 'கரண்ட் வைப்பது') முடிந்து இரண்டு மாதம் கழித்து வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் அதற்குக் கதிர் எப்படிக் காரணமாகும், மூலக்கூறு அளவில் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் சித்தியும் இதையேதான் கேட்டார்: "கரண்ட் வச்சு முடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப எதுக்குடா இருமல்?" இடது மார்பகப் புற்றுநோய்க்கு அவருக்கு 15 நாள் கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன். ஆனாலும் அன்று சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

கதிர் நேரடியாகச் செய்யும் வேலை கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். செல்லில் இருக்கும் நீரை உடைத்து ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் என்ற, எதையும் தாக்கும் துண்டுகளை உண்டாக்குகிறது. அவற்றின் ஆயுள் ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்குதான். அதற்குள் அவை டிஎன்ஏவைக் கிழித்துவிடுகின்றன. ஒரு கிரே (கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கதிர் பட்டால் ஒரு செல்லில் 20 முதல் 40 இடங்களில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் சேர்ந்தே அறுகின்றன. பெரும்பாலானவற்றைச் செல் ஒரு நாளுக்குள் ஒட்டிவிடும்.

சிக்கல் ஒட்டாமல் நிற்பவற்றில் இருக்கிறது. அறுந்த டிஎன்ஏவைக் கண்டதும் ஏடிஎம் என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது கொடுக்கும் சைகையால், அதுவரை கட்டிப்போடப்பட்டிருந்த என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 ஆகிய சைட்டோகைன்களின் (அழற்சியைத் தூண்டும் சைகைப் புரதங்கள்) மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ரத்தக்குழாயின் உட்சுவரில் ஐகேம்-1 என்ற ஒட்டும் புரதம் முளைத்து, ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது. குழாய் கசியத் தொடங்குகிறது.

அப்படியானால் ஏன் இத்தனை நாள் தாமதம்? காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்டைச் சுரப்பவை இரண்டாம் வகைச் செல்கள். இவை நிதானமாகப் பிரிகிறவை. உடைந்த டிஎன்ஏவை வைத்துக்கொண்டே வாரக்கணக்கில் ஓட்டிவிடும். பிரிய முயலும்போதுதான் குட்டு வெளிப்படும். டிஎன்ஏ துண்டுகள் உட்கருவுக்கு வெளியே சிதற, சிஜிஏஎஸ் என்ற காவல் நொதி அதை வைரஸின் டிஎன்ஏ என்று எண்ணி, ஸ்டிங் என்ற புரதத்தின் வழியாக, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானைக் கிளப்புகிறது. கிருமியே இல்லாத இடத்தில் கிருமியை எதிர்க்கும் போர். சாகும் செல்கள் கொட்டும் ஹெச்எம்ஜிபி-1 போன்ற பொருட்கள் மேக்ரோஃபேஜ்களை (கிருமிகளையும் கழிவையும் விழுங்கும் செல்கள்) மேலும் உசுப்பிவிடுகின்றன.

வெளியே அமைதியாகத் தெரியும் அந்த வாரங்களில் உள்ளே அமைதி கிடையாது. கதிர்வீச்சு மருத்துவரான பிலிப் ரூபினின் குழுவினர் 1995இல் எலிகளில் காட்டியது இதைத்தான்: கதிர் பட்டதுமே தொடங்கும் சைட்டோகைன் சங்கிலி, நுரையீரலில் தழும்பாக நார்த்திசு உருவாகும்வரை அறுபடாமல் தொடர்கிறது. அந்தத் தழும்புக்கு முக்கியக் காரணம் டிஜிஎஃப்-பீட்டா என்ற சைகைப் புரதம். அது ஒரு புரத உறைக்குள் பூட்டிக் கிடக்கும். ஆக்சிஜன் ரேடிக்கல்கள் உறையைக் குலைத்தால் வெளியே வந்து, ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்களைக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்டவைக்கிறது.

சித்தியின் சிடி ஸ்கேனை விளக்கில் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நெஞ்சுச் சுவரை ஒட்டி, நுரையீரலின் முன்பக்கத்தில் வெண்மையாக ஒரு பட்டை. அதன் ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. நிமோனியா பொதுவாக இப்படி நேர்க்கோட்டில் நிற்காது. கதிர் போன பாதையின் விளிம்பு அது.

அதற்கு முன்பு ஒரு கிளினிக்கில் சளி என்று சொல்லி இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். கதிர்வீச்சு எடுத்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த இரண்டு வாரமும் அவர் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மார்பகக் கதிர்வீச்சில் இது சிலருக்கே வரும், நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கும்போது அதிகம். பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும். காசநோய் உள்ளிட்ட தொற்று இல்லை என்று பார்த்த பிறகு, தேவைப்பட்டால் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அது என்எஃப்-கப்பா-பியை அடக்கும். இருமல் நின்றதும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்காவிட்டால் அழற்சி திரும்ப எழக்கூடும். கதிர்வீச்சு கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள். வேறு யாரிடம் போனாலும் முதல் வாக்கியமாக, கரண்ட் வைத்ததையும் அது முடிந்த தேதியையும் சொல்லிவிடுங்கள்.