டைப் 1 சுகர் இருப்பவர் முழு மாரத்தான் ஓட முடியுமா?

பத்து வருடமாக இன்சுலின் போடுகிறீர்கள், 10 கிலோமீட்டர் வரை ஓடியிருக்கிறீர்கள், 42 கிலோமீட்டருக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம்.

"டாக்டரைக் கேளுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போகிறவர்கள் இதற்குள் வந்திருப்பார்கள். கேட்கத்தான் வேண்டும். கண், சிறுநீரகம், பாதம், இதயம் நாலையும் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்கவே கூடாது. விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்து, சிகிச்சை முடியாமல் இருந்தால் ஓட்டத்தைத் தள்ளிப்போடத்தான் வேண்டும். பாதம் மரத்திருந்தால், கொப்புளம் வந்த விஷயமே காலுறையைக் கழற்றும்போதுதான் தெரியும். ஆனால் அவர் "சரி, ஓடுங்க" என்று சொன்ன பிறகு காலை நாலு மணிக்கு எத்தனை யூனிட் போடுவது? அந்த இடத்தில்தான் எல்லோரும் தனியாக நிற்கிறார்கள்.

கணையம் ஒழுங்காக இருப்பவர் ஓடத் தொடங்கியதும் அவருடைய ரத்தத்தில் இன்சுலின் தானாகவே குறையும், கல்லீரல் சேர்த்துவைத்த சர்க்கரையைத் திறந்துவிடும். உங்களுக்கு அப்படியில்லை. ஊசியில் உள்ளே போனதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. ஓடும் தசை இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை உறிஞ்சும், போட்ட இன்சுலின் கூடவே இழுக்கும், போதாததற்குக் கல்லீரலையும் அதுவே பூட்டிவைக்கும். உங்களைக் கீழே தள்ளுவது தூரம் அல்ல, மூன்று மணி நேரத்துக்கு முன்னால் போட்ட ஊசி.

வேகமாக வேலை செய்யும் இன்சுலின் ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். முழுக்கத் தீர 3 முதல் 5 மணி நேரம் ஆகும். அதனால் ஓட்டத்துக்கு 3, 4 மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது நல்லது. அதற்குள் நேரமில்லை என்றால் அந்த வேளையின் டோஸை வெட்டுங்கள். வழக்கமாக 8 யூனிட் என்றால் 2 முதல் 4 வரை. தொடையில் போடாதீர்கள், ஓடும்போது அங்கே ரத்த ஓட்டம் கூடி மருந்து சீக்கிரம் உள்ளே போய்விடும். வயிறுதான் பாதுகாப்பு.

பம்ப் (நாள் முழுக்கச் சிறுகச் சிறுக இன்சுலின் செலுத்தும் கருவி) வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு, தொடக்கக் கோட்டில் நின்றுகொண்டு அளவைக் குறைப்பது. அது ஒரு மணி நேரம் கழித்துத்தான் உடம்பில் தெரியும். 60 முதல் 90 நிமிடம் முன்பே பாதிக்கோ அதற்குக் கீழோ இறக்கிவிடுங்கள். பம்பை மொத்தமாகக் கழற்றிவைத்துவிட்டு நாலு மணி நேரம் ஓடுவது வேறு ஆபத்து, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு கரைந்து ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறும். பேனாவில் நீண்டநேர இன்சுலின் போடுகிறவர்கள் அதை 20 சதவீதம் அளவுக்குக் குறைத்துப் பார்க்கலாம். அந்த இன்சுலின் டெக்லுடெக் என்ற வகை என்றால் முதல்நாள் இரவு குறைத்துப் பயனில்லை. ஒரு டோஸ் 42 மணி நேரத்துக்கு மேல் இருக்கும் மருந்து அது, மாற்றம் தெரிய இரண்டு மூன்று நாள் வேண்டும்.

தொடங்கும்போது சுகர் 126 முதல் 180க்குள் (மி.கி./டெ.லி.) இருப்பது நல்லது. 90க்குக் கீழே என்றால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, ஏறும்வரை காத்திருங்கள். போட்டி நாள் பதற்றத்தில் 250 காட்டும், அதை முழு டோஸ் போட்டுத் திருத்தினால் எட்டாவது கிலோமீட்டரில் சரிவீர்கள். 270க்கு மேல் என்றால் ரத்தக் கீட்டோன் பார்க்காமல் ஓடாதீர்கள். கீட்டோன் 1.5 (மில்லிமோல்/லிட்டர்) அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. "270ல் ஓடச் சொல்கிறாயா" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: சாப்பிட்டதாலும் பதற்றத்தாலும் ஏறிய 270 வேறு, இன்சுலின் போதாமல் ஏறிய 270 வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தக் கீட்டோன் ஸ்ட்ரிப்தான். முந்தைய 24 மணி நேரத்தில் மற்றவர் உதவி தேவைப்படும் அளவுக்கு லோ (சுகர் அளவுக்கு மீறி இறங்குவது) ஆகியிருந்தாலும் ஓடக் கூடாது. அதன் பிறகு வரும் லோவை உடம்பு சரியாக எச்சரிக்காது.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. இறங்கிய பிறகு எடுக்கலாம் என்று இருக்காமல், முதல் அரை மணியிலேயே ஆரம்பித்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை 10, 20 கிராமாகப் பிரியுங்கள். பாக்கெட் என்று எண்ணாமல் கிராமில் எண்ணுங்கள். ஓடும்போது பிழிந்து சாப்பிடும் சர்க்கரை ஜெல் ஒன்றில் எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வழியில் கோப்பையில் நீட்டும் பானத்தில் எத்தனை கிராம் கலந்திருக்கிறது என்று யாரும் எழுதிவைப்பதில்லை. போட்டி நடத்துகிறவர்கள் பனியனிலும் பதாகையிலும் காட்டும் அக்கறையில் கால்வாசியை அந்த மேசையில் ஒரு அட்டை மாட்டுவதில் காட்டலாம். அதுவரை உங்கள் சர்க்கரையை நீங்களே சுமங்கள்.

உடம்பில் ஒட்டியிருக்கும் சுகர் சென்சார் காட்டும் எண் தோலுக்கடியில் உள்ள திரவத்தினுடையது. சுகர் வேகமாக இறங்கும்போது அது ரத்தத்தைவிடப் பல நிமிடம் பின்தங்கும். 110 என்று காட்டி அம்புக்குறி கீழே பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே 80ல் இருக்கலாம். எச்சரிக்கை ஒலியை 70ல் வைக்காமல் 100ல் வையுங்கள். விரலில் குத்திப் பார்ப்பதானால் முதலில் துடையுங்கள். ஜெல் பிசுக்கு ஒட்டியிருந்தால் 60 இருக்கும் இடத்தில் 200 காட்டும். அந்த 200ஐ நம்பி எடுக்க வேண்டிய சர்க்கரையை எடுக்காமல் விடுவதுதான் ஆபத்து.

வியர்வை, படபடப்பு, கால் தளர்வு எல்லாம் லோவுக்கும் உண்டு, 30ஆவது கிலோமீட்டர் களைப்புக்கும் உண்டு. சந்தேகம் வந்தால் எண்ணைப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் நின்று 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். 54க்குக் கீழே போனால் அன்றைய ஓட்டம் முடிந்தது, பதக்கத்துக்காகப் பேரம் பேசாதீர்கள். சுகரை அவசரத்துக்கு ஏற்றும் குளுக்ககான் ஊசி இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். கல்லீரலில் சர்க்கரை இருப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும், நாலு மணி நேரம் ஓடியவருக்கு அந்த இருப்பே குறைந்திருக்கும்.

முடித்ததும் சிலருக்குச் சுகர் ஏறும். பார்த்ததும் முழு டோஸ் போடாதீர்கள், தேவைப்பட்டால் பாதி போதும். உண்மையான பொறி இரவில்தான். காலியான தசை 6 முதல் 15 மணி நேரம் கழித்தும் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். அன்றிரவு நீண்டநேர இன்சுலினில் 20 சதவீதம் குறையுங்கள், படுக்கும் முன் ஏதாவது சாப்பிடுங்கள், விடியற்காலை மூன்றுக்கு அலாரம் வையுங்கள். மது கூடவே கூடாது, கல்லீரலை அதுவும் பூட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யாராவது ஓடி முடித்ததும் "சர்க்கரையை வென்றவர்" என்று செய்தி போடுகிறார்கள். டைப் 1 ஓடிப் போகிற நோய் அல்ல. சைக்கிளில் டீம் நோவோ நார்டிஸ்க் என்ற தொழில்முறை அணி இருக்கிறது. வீரர்கள் அத்தனை பேருக்கும் டைப் 1. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தூர மிலான்–சான்ரெமோ பந்தயத்தையே ஓட்டியிருக்கிறார்கள். அன்று இரவும் இன்சுலின் போட்டுக்கொண்டுதான் படுத்திருப்பார்கள். "ஓடினால் ஊசியே தேவைப்படாது" என்பவர் பேச்சைக் கேட்டு நிறுத்தினால் போய்ச் சேரும் இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. ஊக்கமருந்துச் சோதனை நடக்கும் மட்டத்தில் போட்டியிடுவதானால் இன்சுலின் தடைப் பட்டியலில் இருக்கிறது என்பதை மறக்காமல், மருத்துவ விலக்கு அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

பயிற்சியின் கடைசி மூன்று நீண்ட ஓட்டங்களைப் போட்டி தொடங்கும் அதே நேரத்தில், அதே சாப்பாடு, அதே டோஸோடு ஓடி எழுதிவையுங்கள். மூன்றில் இரண்டில் லோ ஆகியிருந்தால் கணக்கு இன்னும் சரியாகவில்லை, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுங்கள். புது சென்சாரை முந்தின நாள் ஒட்டாதீர்கள், முதல் 24 மணி நேரம் எண் தடுமாறும். இரண்டு நாள் முன்பே மாற்றிவிடுங்கள்.