காலடியில் உதிரும் கொட்டைகள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் இலை நிறம் மாறும் நேரத்தில்தான் மரக்கொட்டைகளும் உதிரும். அங்கே குடியிருக்கும் நம்மவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

அக்கா, எங்கள் தெருவில் டென்னிஸ் பந்து அளவில் பச்சைக் காய்கள் விழுந்து கிடக்கின்றன. யாரும் சீண்டுவதில்லை. சாப்பிடலாமா? (ஒஹையோ)

தாராளமாக. அது கறுப்பு வால்நட். கடை வால்நட்டைவிட மணம் மிகவும் தூக்கல். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பச்சைத்தோலின் சாறு பட்டால் விரல் கறுத்துவிடும், எவ்வளவு சோப்பு போட்டாலும் உடனே போகாது. பழைய ஷூவால் மிதித்து உருட்டினால் தோல் கழன்றுவிடும். பொறுக்கியதும் இதைச் செய்துவிடுங்கள். தோலோடு கிடந்தால் பருப்பும் கறுத்துக் கசந்துபோகும். அப்புறம் வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவை பெரும்பாலும் சொத்தை. மூழ்கியவற்றைக் கழுவி, அணிலுக்கு எட்டாத, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று வாரம் காயவையுங்கள். இந்த ஓட்டுக்குச் சுத்தியல்தான் சரி. ரவா கேசரியில் முந்திரிக்குப் பதில் இதைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள், அவ்வளவு அருமை!

உரித்த தோலைத் தக்காளிச் செடிப் பக்கம் கொட்டாதீர்கள். அதிலுள்ள ஜுக்லோன் என்ற வேதிப்பொருள் செடியை வாட்டிவிடும்.

பூங்காவில் பளபளவென்று பழுப்புக் கொட்டைகள் பொறுக்கினேன். செஸ்ட்நட்தானே? வறுக்கலாமா? (நியூ ஜெர்சி)

அவசரப்படாதீர்கள். பூங்காக்களில் குதிரைச் செஸ்ட்நட் நிறைய நட்டிருப்பார்கள், அது விஷம். வறுத்தாலும் உண்ணக்கூடாது. உறையைப் பாருங்கள். உண்ணும் செஸ்ட்நட்டின் உறையில் ஊசி ஊசியாக அடர்ந்த முள் இருக்கும், கொட்டையின் நுனி கூராக முடியும். விஷக்கொட்டையின் உறையில் அங்கங்கே சில குட்டை முட்கள்தான், கொட்டைக்குக் கூர்நுனி இல்லை. இலையும் காட்டிக்கொடுக்கும்: விரித்த விரல்களாக ஐந்து, ஏழு சிற்றிலைகள் இருந்தால் அது விஷமரம். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் தொடவேண்டாம்.

நல்ல செஸ்ட்நட் என்றால், ஓட்டைக் கத்தியால் கீறிவிட்டு வறுங்கள். கீறாவிட்டால் வெடிக்கும். சூட்டோடு உரித்தால்தான் உள்தோல் வரும். மாவுச்சத்தும் ஈரமும் அதிகம், அதனால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

காட்டில் செஸ்ட்நட் மரமே கண்ணில் படுவதில்லையே? (பென்சில்வேனியா)

வருத்தமான கதை. 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. ஆசியாவிலிருந்து மரக்கன்றுகளோடு வந்தது. அரை நூற்றாண்டுக்குள் சுமார் 400 கோடி அமெரிக்க செஸ்ட்நட் மரங்களை அது அழித்துவிட்டது. பழைய வேர்கள் இன்னும் துளிர்க்கின்றன, ஆனால் பெரும்பாலானவை காய்க்கும் முன்பே சாய்ந்துவிடுகின்றன. இப்போது தோட்டங்களில் நீங்கள் பார்ப்பது அநேகமாகச் சீன வகை.

பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும் மரம், இலை பொன்மஞ்சள். என்ன மரம் அண்ணி? (வர்ஜீனியா)

ஷாக்பார்க் ஹிக்கரி! எனக்கு மிகவும் பிடித்த கொட்டை. மேலுறை தானே நான்காகப் பிளக்கும், உள்ளே பீக்கன் கொட்டை போன்ற இனிப்பு. ஓட்டில் சிறு துளை இருந்தால் தூக்கிப்போடுங்கள், வண்டுப்புழு தின்றிருக்கும். வால்நட், பீக்கன் ஒவ்வாமை உள்ளவர்கள் இதையும் தவிர்க்க வேண்டும்.

ஓக் கொட்டை சாப்பிடலாமா? (மேரிலாந்து)

சாப்பிடலாம், ஆனால் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளின் கசப்பைப் போக்க வேண்டும். பொடித்துப் பலமுறை நீர் மாற்றி ஊறவையுங்கள். கொரியர்கள் அந்த மாவில் டோட்டோரிமுக் என்ற கூழ்க்கட்டி செய்கிறார்கள். இலை மடல் உருண்டையாக உள்ள வெள்ளை ஓக்கில் கசப்பு குறைவு.

போன வருடம் ஓக், ஹிக்கரிக் கொட்டைகள் குவிந்தன, இந்த வருடம் ஒன்றுமே இல்லை. மரத்துக்கு நோயா? (ஒஹையோ)

இல்லை. ஓக்கும் ஹிக்கரியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கொட்டிக் காய்க்கும். அப்போது அணில்கள் தின்றுதீர்க்க முடியாமல் மிஞ்சுபவை முளைக்கும். இந்த வருடம் வேறு தெருவில் கறுப்பு வால்நட் இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொறுக்குங்கள். பலர் அள்ளிக்கொண்டு போங்கள் என்பார்கள்.