மூளைக் கட்டி சர்ஜன் ஆக என்ன படிக்கணும், எப்படி வேலை பார்க்கணும்? நெல்லை வட்டாரத்துக் கேள்விகளுக்கு ஒரு நியூரோசர்ஜனின் பதில்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தகப்பனார்: டாக்டர் அண்ணாச்சி, மக பிளஸ் டூ படிக்கா. மூளை ஆபரேஷன் டாக்டர்தான் ஆவேன்னு சொல்லுதா. எத்தனை வருஷம் ஆகும்? பொம்பளப் பிள்ளைக்கு ஒத்து வருமா?

ஒரு தேர்விலும் தவறாமல் போனாலே 11½ வருஷம். ஹவுஸ் சர்ஜன் வருஷத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். 5½, பிறகு நீட் பி.ஜி. எழுதி எம்.எஸ். பொது அறுவை 3, அதன்பின் உயர் சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். எழுதி, மூளை, நரம்பு அறுவைக்கான எம்.சிஎச். நியூரோசர்ஜரி 3. எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேராகச் சேரும், தேசியத் தேர்வு வாரியத்தின் 6 வருஷ டி.ஆர்.என்.பி. படிப்பும் உண்டு. பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் எம்.பி.பி.எஸ். இடத்துக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, அதை விட்டுடாதீங்க.

பொம்பளப் பிள்ளைக்கு நல்லாவே ஒத்து வரும். ஆசியாவின் முதல் பெண் நியூரோசர்ஜன்களில் ஒருவரான டி.எஸ். கனகா 1968லேயே சென்னையில் படித்துப் பட்டம் வாங்கியவர்.

பாளையங்கோட்டை, ஹவுஸ் சர்ஜன்: எந்த இடத்தில் எம்.சிஎச். சேரலாம், அண்ணாச்சி? அரசு வேலையில் இருந்துகொண்டே படிக்க முடியுமா?

முடியும், தம்பி. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் உயர் சிறப்பு இடங்களில் 50 சதவீதம் அரசுப் பணி டாக்டர்களுக்கு. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் இருக்கு. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியதுதான் நாட்டின் முதல் நியூரோசர்ஜரி துறை. ஆனால் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீங்க. அங்கே மூளைத் திசுவைச் சோதித்து நோயைச் சொல்லும் நரம்பு நோய்க்கூறு நிபுணர் தனியாக இருக்கிறாரா, பல துறை டாக்டர்கள் சேர்ந்து கட்டி கேஸ்களைப் பேசும் டியூமர் போர்டு வாராவாரம் கூடுகிறதா, நோயாளியை விழிக்க வைத்துச் செய்யும் ஆபரேஷன் நடக்கிறதா என்று அங்கே படிக்கிறவர்களிடமே கேளுங்க. கட்டியில் மட்டும் கவனம் வைக்க நினைத்தால் எம்.சிஎச்.சுக்குப் பிறகு ஒரு ஃபெலோஷிப் பயிற்சியும் தேவைப்படும்.

எம்.சிஎச். இரண்டாம் வருஷ மாணவர்: எங்கள் துறையில் ஆய்வகம் கிடையாது. ஆராய்ச்சியை எங்கே தொடங்குவது?

ஒரு ஒழுங்கான நோயாளிப் பதிவேட்டில் தொடங்குங்க. முதலில் நெறிமுறைக் குழு அனுமதி. பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டுவதற்கும் அது வேணும். ஒவ்வொரு நோயாளிக்கும் வயது, வலக்கைக்காரரா இடக்கைக்காரரா, வலிப்பு உண்டா, கட்டி இருக்கும் இடம், அன்றாட வேலையை எவ்வளவு செய்ய முடிகிறது என்று காட்டும் கார்னாஃப்ஸ்கி மதிப்பெண் (ஆபரேஷனுக்கு முந்தையது), கட்டியின் ஐ.டி.எச்., 1பி/19கியூ, எம்.ஜி.எம்.டி. மரபணுச் சோதனை முடிவுகள், கதிர்வீச்சு முழுசாக முடிந்ததா என்பதெல்லாம் வேணும். கிளியோபிளாஸ்டோமா என்ற தீவிர மூளைப் புற்றுக்கட்டி என்றால் வழக்கமாக 30 தவணையில் 60 கிரே (கதிர்வீச்சு அளவு). ஆபரேஷனுக்குப் பிந்தைய எம்.ஆர்.ஐ.யை 72 மணி நேரத்துக்குள் எடுத்துடணும். தாமதித்தால் வெட்டிய ஓரமே கான்ட்ராஸ்டில் (ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் மருந்தில்) வெளுத்து, மிச்சக் கட்டி போலக் காட்டும்.

பதிவேடு கெட்டுப்போவது பெரும்பாலும் தொடர் கவனிப்பில்தான். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்திலிருந்து வருகிறவர் கதிர்வீச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாலோ போன் நம்பரை மாற்றிவிட்டாலோ அந்தத் தரவு அப்படியே அறுந்துபோகும். சொந்தக்காரர் நம்பர் ஒன்றையும் கூடவே வாங்கி வையுங்க.

அடுத்தது ஆபரேஷனில் எடுக்கும் கட்டித் திசு. பல துறைகளில் அதைப் பிரித்து அனுப்பும் வேலையைத் தியேட்டர் உதவியாளரிடம் விட்டுவிடுகிறார்கள், கூடவே கூடாது. ரத்தத்தை நிறுத்தச் சுடும் காட்டரியில் கருகியதும், நடுவில் அழுகிய பகுதி மட்டும் வந்ததும் நோயைச் சொல்லாது. கான்ட்ராஸ்டில் ஒளிர்ந்த ஓரத்திலிருந்து, கருகாமல் எடுங்க. எடுத்ததை மூன்றாகப் பிரிங்க. ஃப்ரோசனுக்கு (ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறைய வைத்துப் பார்க்கும் சோதனைக்கு) போவது சலைனில் நனைத்துப் பிழிந்த காஸில் பச்சையாகப் போகணும். சலைனில் மிதக்கவிட்டால் உறைய வைக்கும்போது பனிப்படிகம் விழுந்து செல்கள் சிதைந்துவிடும். வழக்கமான பயாப்சிக்கு 10 சதவீத பஃபர் ஃபார்மலின், திசுவைப் போல் குறைந்தது பத்து மடங்கு. சின்னக் குப்பியில் அடைத்தால் நடுப்பகுதி பதப்படாமல் மரபணுச் சோதனையும் தோற்கும். மூன்றாவது துண்டு திரவ நைட்ரஜனில் உடனே உறைந்து மைனஸ் 80 டிகிரிப் பெட்டிக்குப் போகணும். பெட்டி இல்லையென்றால் பயாப்சித் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டைகளை ஒழுங்காக எண் போட்டு வைத்தாலே நிறைய ஆய்வு செய்யலாம். வெளியே எடுத்த நேரத்தை லேபிளில் எழுதாத திசு ஆராய்ச்சிக்குப் பாதி வீண்.

தென்காசி, தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ்: ஆபரேஷனில் கட்டியை ஒளிர வைக்கும் 5-ஏ.எல்.ஏ. மருந்தை எப்போது, எவ்வளவு கொடுக்கணும், சார்?

கிலோவுக்கு 20 மில்லிகிராம், மயக்க மருந்து தொடங்க 3 மணி நேரம் முன்னால், வாய்வழியாக. 1.5 கிராம் குப்பியை 50 மில்லி தண்ணீரில் கரைத்தால் 60 கிலோ ஆளுக்கு 40 மில்லி வரும். நீல ஒளியில் தீவிரக் கட்டி சிவப்பாக ஒளிரும். குறைந்த கிரேடு கட்டி ஒளிராமலும் இருக்கலாம். ஒளி இல்லை என்பதால் கட்டி இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. லிஸ்டில் முதல் கேஸாகப் போடச் சொல்லுங்க, நேரம் தள்ளிப் போகாது. மருந்து கொடுத்து 24 மணி நேரம் வெயிலும் பலத்த வெளிச்சமும் தோலில் படக் கூடாது. நம்ம ஊர் வெயிலுக்கு ஜன்னலோரக் கட்டில் வேண்டவே வேண்டாம்.

நாகர்கோவில் சாலையிலிருந்து ஒரு எம்.எஸ். மாணவர்: பேராசிரியர் ஆவதற்குக் கட்டுரை எழுதினால் போதுமா?

கட்டுரையோடு உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பும் முடிச்சிருக்கணும். அதைச் சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இணையத்திலேயே நடத்துது. உதவிப் பேராசிரியராகச் சேரும் முன்னாலேயே முடிச்சிடுங்க, சேர்ந்த பிறகு டூட்டிக்கு நடுவே நேரம் கிடைக்காது.