ரொறன்ரோவில் இறையியல் படிக்க நினைக்கும் பெரியகல்லாற்றுத் தங்கச்சிக்கு

மெதடிஸ்த சபையைத் தேடிக் களைத்துவிட்டேன், இறையியல் படித்தால் இங்கே போதகராகலாமா, பெண்களை எடுப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் கல்லடி. இங்கே இறையியல் படித்து, இப்போது சபை ஒன்றில் ஊழியம் செய்கிறேன்.

முதலில் சபை. வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்த மெதடிஸ்தம் கனடாவிலும் பெரிதாக இருந்ததுதான். 1925இல் அது வேறு சபைகளோடு சேர்ந்து கனடா ஐக்கிய திருச்சபை ஆகிவிட்டது. ஆகவே 'யுனைட்டட் சேர்ச்' என்ற பெயர்ப்பலகையைக் கண்டால் தயங்காமல் உள்ளே போங்கள். அங்கே 1936இலிருந்தே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறார்கள். அங்கிலிக்கன் திருச்சபையில் 1976இலிருந்து.

படிப்பு எம்.டிவ். (Master of Divinity) என்ற இறையியல் முதுமாணிப் பட்டம். முழுநேரமாக மூன்று வருடம். அதற்கு முதல் பட்டம் வேண்டும். உங்களிடம் கிழக்குப் பல்கலைக்கழக பி.ஏ. இருக்கிறது. பெறுபேறுகளை அதன் வந்தாறுமூலை வளாகத்திலிருந்து எடுப்பித்து அனுப்ப ஊரில் ஒருவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், அதுதான் இழுபடும். இமானுவேல், நொக்ஸ், விக்ளிஃப் என்று பல திருச்சபைகளின் கல்லூரிகள் இங்கே ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன. ஒன்றில் பதிந்துகொண்டு மற்றவற்றிலும் பாடம் எடுக்கலாம்.

ஆனால் தங்கச்சி, பட்டம் கையில் வந்ததும் போதகராகிவிட முடியாது. பல்கலைக்கழகம் படிப்பிக்கும்; ஊழியத்துக்கு அழைப்பு உண்டா என்று பார்ப்பது திருச்சபை. ஊரில் என்றால் ஞாயிறு பாடசாலைக் காலத்திலிருந்தே உங்களைத் தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள், முகாமைக்குருவுக்கும் உங்கள் குடும்பத்தைத் தெரியும். இங்கே உங்களை யாருக்கும் தெரியாது. படித்து முடித்துவிட்டுச் சபை தேடிய சிலரை எனக்குத் தெரியும். நல்ல பிள்ளைகள், வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒரு சபையில் சேர்ந்துவிடுங்கள். வேதபாடம் வாசியுங்கள், ஆராதனை முடிந்து தேநீர் ஊற்றுகிற இடத்தில் நில்லுங்கள். அவர்கள் உங்களை அறியட்டும்.

சரி, வகுப்பு. வேதாகமத்தைப் பிரித்துப் பிரித்து ஆராய்வார்கள். ஏசாயா 40ஆம் அதிகாரம் தொடக்கம் பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் வாழ்ந்த வேறொருவரின் குரல் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்வார்கள். முதல் தடவை கேட்கும்போது அடிவயிறு கலங்கும். எனக்கும் கலங்கியது. பிறகு "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்ற வரியை வீடிழந்து அந்நிய தேசத்தில் இருந்த சனத்துக்குச் சொன்னதாக வாசித்துப் பார்த்தேன். 1990இல் வந்தாறுமூலை வளாகத்தில் அகதியாகப் படுத்திருந்த என் அம்மாவுக்குச் சொன்னது போலவே இருந்தது. விசுவாசம் போகவில்லை, வேர்விட்டது.

அந்த வகுப்புகளில் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் செத்ததையும், அதற்குப் பிறகு தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் மறுபடி முகம் பார்க்கப் பட்ட பாட்டையும் கண்டவர். துன்பம், மன்னிப்பு, பிறமதத்தவர் என்று அவர்கள் புத்தகத்தில் தேடுவதை நீங்கள் வாழ்ந்திருக்கிறீர்கள். அதைக் கட்டுரையில் எழுதுங்கள்.

எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஸ்காபரோ என்றால் இந்த ஞாயிறே பக்கத்துச் சபைக்குக் கூட்டிப் போகிறேன்.