ஆமென் சொல்ல முடியாதபோது – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தம்பி இறந்து பதினொரு மாதம் ஆகிறது. 32 வயது, ரத்தப் புற்றுநோய். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. அவன் பிழைப்பான் என்று நானும் நம்பினேன். அடக்கம் முடிந்த அன்று சபையில் ஒருவர், "எங்கோ ஒரு மூலையில் உங்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கும், அதனால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. ஏனென்றால் சந்தேகம் இருந்தது உண்மை. ஒரு நாள் இரவு ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். இப்போதும் ஆலயத்துக்குப் போகிறேன். ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொல்லும்போது எனக்கு வாய் வருவதில்லை. எனக்கு விசுவாசம் இருக்கிறதா, இல்லையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. நீங்கள் அன்று இரவு சந்தேகப்பட்டதால் உங்கள் தம்பி சாகவில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வேதத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். மகனுக்குச் சிறு வயது முதல் வலிப்பு, தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். சீஷர்களிடம் கொண்டுவந்தும் பலனில்லை. அவர் இயேசுவிடம் கேட்பதே "உம்மால் ஏதாவது செய்யக் கூடுமானால்" என்றுதான். அந்த 'கூடுமானால்' என்ற சொல்லிலேயே சந்தேகம் இருக்கிறது. பிறகு கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்கிறார். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் வருகின்றன. 'போய் முழு விசுவாசத்தோடு வா' என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் குணமானான்.

"சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கக்கடவன்" என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே என்று சபையில் உங்களிடம் அப்படிச் சொன்னவர் கேட்கலாம். யாக்கோபு அங்கே பேசுவது ஞானத்தைக் கேட்பது பற்றி. அவர் கண்டிப்பது இருமனமுள்ளவனை, ஒரு காலை தேவனிடமும் ஒரு காலை வேறெங்கோவும் வைத்திருப்பவனை. கையில் ரிப்போர்ட்டோடு பயந்து உட்கார்ந்திருக்கும் அக்காவை அல்ல.

அப்புறம் எபிரெயர் 11. விசுவாச வீரர்களின் அதிகாரம் என்று நாம் எல்லோரும் பிரசங்கம் கேட்ட அதிகாரம். அதை 34ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோமோ என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்த வசனத்தில் சிலர் விசுவாசத்தினாலே பட்டயத்துக்கு, அதாவது வாளுக்கு, தப்பினார்கள் என்று இருக்கிறது. மூன்று வசனம் தள்ளி, வேறு சிலர் பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தார்கள் என்று இருக்கிறது. தப்பியவர்களுக்கு விசுவாசம் அதிகம், செத்தவர்களுக்குக் குறைவு என்று அந்த ஆசிரியர் பிரிக்கவில்லை. எல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்றுதான் முடிக்கிறார்.

சரி, அப்படியானால் விசுவாசம் என்பது என்ன? நம் மொழியிலேயே ஒரு வெளிச்சம் இருக்கிறது. 'அவர் வருவார் என்று நம்பினேன்' என்கிறோம். 'அவரை நம்பினேன்' என்றும் சொல்கிறோம். முதலாவது, ஒரு காரியம் நடக்கும் என்ற எதிர்பார்ப்பு. அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இரண்டாவது, ஒரு ஆளின்மேல் நம் பாரத்தை வைப்பது. 'உன்னை நம்பித்தான் இருக்கிறேன்' என்று ஒருவரிடம் சொல்லும்போது நாம் எதையும் கணித்துச் சொல்வதில்லை. 1 கொரிந்தியர் 13இல் பழைய மொழிபெயர்ப்பு 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று சொல்லும் இடத்தில் கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்கிறது. எதிர்நோக்கு வேறு, நம்பிக்கை வேறு. உங்கள் எதிர்நோக்கு உடைந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று இரவு 'இனி அவ்வளவுதான்' என்று நினைத்த பிறகு நீங்கள் யாரிடம் அழுதீர்கள்?

தானியேல் புத்தகத்தில், சிலையை வணங்க மறுத்ததற்காக அக்கினிச் சூளையில் போடப்படவிருந்த சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் ராஜாவிடம், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். அடுத்த வாக்கியமே "விடுவிக்காமற்போனாலும்" என்று தொடங்குகிறது. நடக்காமல் போவதற்கும் தங்கள் விசுவாசத்துக்குள் இடம் வைத்திருந்தார்கள்.

இனி உங்கள் ஆமெனுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அந்த வரியில்தான் நான் வெகுநேரம் நின்றேன். ஆமென் என்பது எபிரெயச் சொல். உறுதியாய் இருப்பது, தாங்குவது என்ற பொருளுள்ள ஒரு வேரிலிருந்து வருகிறது. விசுவாசத்துக்கு எபிரெயத்தில் உள்ள 'எமுனா' என்ற சொல்லும் அதே வேர்தான். வேதாகமத்தில் 'எமுனா' முதலில் வருவது யாத்திராகமம் 17இல். அங்கே அது ஒரு மனிதனின் கைகளைப் பற்றிப் பேசுகிறது. கீழே அமலேக்கியரோடு யுத்தம். மேட்டில் மோசே கையை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேலர் ஜெயிக்கிறார்கள். கை தாழ்ந்தால் தோற்கிறார்கள். மோசேக்குக் கை அசந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்காரவைக்கிறார்கள். ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவர் மறுபக்கம் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அவர் கைகள் நிலையாய் இருந்தன என்று எழுதியிருக்கிறது. அந்த 'நிலையாய்' என்ற இடத்தில் இருக்கும் சொல்தான் எமுனா. வலுவான கையைப் பற்றி அல்ல, அசந்துபோய் இன்னொருவர் பிடித்துக்கொண்ட கையைப் பற்றி அந்தச் சொல் பேசுகிறது.

என் அப்பா ஐசியூவில் இருந்த கடைசி வாரம் என்னால் ஒரு வார்த்தை ஜெபிக்க முடியவில்லை. வேதத்தைத் திறப்பேன், எழுத்து ஓடாது. பக்கத்துப் படுக்கை நோயாளியின் மனைவி, அதற்குமுன் அறிமுகமே இல்லாதவர், வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவான குரலில் சங்கீதம் வாசிப்பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அப்பா பிழைக்கவில்லை. அந்த வாரத்தில் எனக்கு விசுவாசம் இல்லை என்று இன்று நான் சொல்லமாட்டேன். அது அந்த அம்மாவின் குரலில் இருந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமையும் வாய் வராவிட்டால் பேசாமல் நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் ஆமென் சொல்வார், அது உங்களுக்கும் சேர்த்துத்தான். வீட்டில் தனியாக இருக்கும்போது 88ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை புலம்பல், கடைசி வரியில்கூட விடிவதில்லை. ஆனால் அந்த ஆள் முழுச் சங்கீதத்தையும் தேவனைப் பார்த்தே பேசுகிறார்.

உங்கள் தம்பியின் நோயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எப்படிச் சிரிப்பார், உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று முடிந்தபோது எழுதுங்கள். பிரசுரிக்கமாட்டேன், எனக்காக.