ஆண் மூங்கில், பெண் மூங்கில் உண்டா?

கேள்வி: பந்தலுக்கு வாங்கிய மூங்கிலில் சிலது உள்ளே கெட்டி, சிலது ஓட்டை. கெட்டியானது ஆண் மூங்கில் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– வாசகர், மேலூர்

பதில்: பேர்தான் ஆண், மற்றபடி ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, இரண்டும் வேறு வேறு இனம். கெட்டியானது கல் மூங்கில். நம்ம மதுரைப் பக்கம் மாதிரி மழை குறைந்த, இலையுதிர் காட்டு மலைச்சரிவுகளில் இந்தியா முழுக்க வளர்வது. அதையே ஈரமான மண்ணில் வைத்துப் பாருங்கள், அதற்கும் உள்ளே ஓட்டை விழும்! மற்றது பெரும்பாலும் முள் மூங்கில். ஆற்றோரம், ஓடைக்கரை என்றால் அதற்குக் கொண்டாட்டம். பல பத்தாண்டுக்கு ஒரே தடவை பூத்து, நெல் மாதிரி அரிசி கொட்டிவிட்டுக் குத்தோடு செத்துப்போகும். அப்புறம், பங்களா வாசலில் நிற்கிற பச்சைக்கோடு போட்ட மஞ்சள் மூங்கில் நம்ம காட்டுச் சரக்கே இல்லை, அழகுக்காக நட்டது.